எங்கள் ஜெபக் கூட்டத்தை அவனும் பார்த்தான்

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் திருகாணிகளோடு பெயர்ந்து என் காலடியில் வந்து விழுந்தது. நான் அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். பிழைக்க வந்த இந்த மராத்தி நகரத்தில், போபோடியில் எங்கள் வீடு ஓர் அறையும் ஓர் அடுப்படியும்தான். வாசலில் நிற்பவருக்கு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பது தெரியும். என் கணவரும் மகளும் இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை. என் நாத்தனார், கணவருடைய தங்கை, தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

கதவில் முதல் அடி விழுந்தபோதே அவள் கை நின்றுவிட்டது. கூச்சல் போடவில்லை.

"அவியதான் மைனி" என்றாள்.

எத்தனையோ வருஷம் அந்தக் கையிடம் அடி வாங்கியவள். கதவில் விழுகிற அடியிலேயே அவளுக்கு ஆள் தெரிந்துவிட்டது.

அவன் உள்ளே வந்தான். அவள் புருஷன், இதே நகரத்தில் லோஹேகாவில் வாடகைக் கார் ஓட்டுகிறவன். கார்ச் சக்கரத்தைக் கழற்றுகிற இரும்புக் கம்பி கையில் இருந்தது. மூச்சு வாங்கியது, ஆனால் முகத்தில் ஒரு சிரிப்பு.

"நேத்து ஜெபத்துல நல்லா அழுதியே" என்றான் அவளிடம். "நானும்தான் பார்த்தேன். கடைசி ஆமென் வரைக்கும் பார்த்தேன்."

அவன் எப்படிப் பார்த்தான் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் மேற்கொண்டு எழுத முடியும்.

மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு காலையில் அவள் எங்கள் வாசலில் வந்து நின்றாள். வலது உள்ளங்கை முழுவதும் கொப்புளம். தன்னோடு படித்த ஒருத்தியின் கல்யாணப் படம் போனில் வந்திருக்கிறது. இவள் அதன் கீழே ஒரு சிவப்பு இருதயம் போட்டிருக்கிறாள். படத்தின் ஓரத்தில் நிற்கிற ஆண் யார் என்று அவன் கேட்டிருக்கிறான். தெரியாது என்று சொன்னதற்காக, சூடான தோசைக்கல்லில் அவள் கையை வைத்து அழுத்திப் பிடித்திருக்கிறான். அந்தக் கையோடுதான் ரிக்ஷா பிடித்து வந்தாள்.

என் கணவர் அவனுக்குப் போன் போட்டு, "தங்கச்சி ஊருக்கு ரயில் ஏறிட்டா மாப்ளை" என்று பொய் சொன்னார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர். போனை வைத்துவிட்டுப் போய் முகம் கழுவினார். கை ஆற மூன்று வாரம் ஆகும், அதற்கடுத்த திங்கட்கிழமை போலீஸில் எழுதிக் கொடுத்துவிடலாம், பிறகு வேறு ஊரில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலைக்கு அனுப்பிவிடலாம் என்று பேசி வைத்திருந்தோம். அதுவரைக்கும் அவள் எங்கள் வீட்டில் இருப்பது அவனுக்குத் தெரியக் கூடாது. அவள் உயிர் அந்த ஒரு பொய்யில்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை வீட்டுக் கூட்டம் எங்களுக்கு வெகு நாளைய வழக்கம். அதைப் போனில் காட்டுகிற வழக்கம் கொரோனாவில் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது வந்தது. ஊரில் இருக்கிற என் மாமியார், வளைகுடாவில் இருக்கிற கொழுந்தன் எல்லோரும் அதில் கூடிப் பாடினார்கள். நோய்ப் பயம் போன பிறகும் நாங்கள் அதை விடவில்லை. ஒரு சித்தப்பாவுக்கு உள்ளே வரத் தெரியவில்லை என்று, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று திறந்தே வைத்துவிட்டோம். மகள் அப்போதே சொன்னாள்: "மம்மி, இது சேஃப் இல்ல. யாரும் பாப்பாங்க." நான்தான், "பார்க்கட்டுமே. ஆண்டவர் வார்த்தைய ஒளிச்சா வைப்பாங்க?" என்றேன்.

எங்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு. பாட்டும் வேத வாசிப்பும் செய்தியும் முடிந்ததும் ஜெபக் குறிப்பு கேட்போம். அதைப் பொத்தாம்பொதுவாகச் சொல்ல மாட்டோம். யாருக்கு, எந்த ஊர், என்ன வியாதி, எந்த ஆஸ்பத்திரி, என்றைக்கு ஆபரேஷன் என்று விலாவாரியாகச் சொன்னால்தான் ஜெபிக்கிறவருக்கு நிறைவு. கூட்டத்தை நடத்துகிற அக்கா அத்தனையையும் ஒன்று விடாமல் முழங்காலில் நின்று ஆண்டவருக்கு மறுபடியும் எடுத்துச் சொல்லுவார். அதனால் குறிப்பு ஆரம்பிக்கும் முன்பே போனை அணைத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அணைப்பது என் கணவர் வேலை. அந்த வெள்ளிக்கிழமை தங்கையின் கையைப் பார்த்தபடியே முழங்காலிட்டவர், தேம்பி அழ ஆரம்பித்துவிட்டார். நாங்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டோம். போன் ஓடிக்கொண்டே இருந்தது.

"போபோடியிலே, அண்ணன் வீட்டிலே ஒளிந்திருக்கிற இந்த மகளைப் பாரும் ஆண்டவரே" என்று அக்கா ஜெபித்தார். "ஊருக்குப் போய்விட்டாள் என்று நம்பிக்கொண்டிருக்கிற அந்தப் புருஷனின் கண்களை மறைத்துப்போடும். திங்கட்கிழமை போலீஸிலே எழுதிக் கொடுக்கப் போகும்போது கூடவே நடந்து வாரும்."

நாங்கள் உரக்க ஆமென் சொன்னோம். கண்ணைத் திறந்தபோதுதான் என் கணவர் பதறிப் போனை அணைத்தார்.

"ஓடிக்கிட்டா இருந்துச்சு மைனி?" என்று நாத்தனார் கேட்டாள்.

"நம்ம சொந்தக்காரங்க நாலு பேருதான் பார்ப்பாங்க. விடுட்டி" என்றேன்.

மறுநாள் தாழ்ப்பாள் என் காலடியில் விழுந்தது.

அவன் முதலில் அவள் தலைமுடியைப் பிடித்தான். பூண்டுத் தட்டு உருண்டது. தரையோடு தரையாக வாசலுக்கு இழுத்தான். நான் குறுக்கே போனேன். கம்பி என் முழங்கையில் விழுந்தது. எலும்பில் விழுந்த அடி காதுக்குள் கேட்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் சுவரோடு சாய்ந்துவிட்டேன். அவன் அவளைக் கட்டில் காலில் மோதினான். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. நைட்டி தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் கிழிந்துவிட்டது.

"என்னைப் போலீஸ்ல எழுதிக் குடுப்பியா? எந்தக் கையால எழுதுவே?" என்று கேட்டு, ஆறிக்கொண்டிருந்த அந்த உள்ளங்கையைத் தரையில் வைத்துச் செருப்புக் காலால் மிதித்தான். அப்போதுதான் அவள் அலறினாள்.

என் பக்கத்தில் வடித்த கஞ்சி ஆவி பறக்க இருந்தது. ஆண்டவரே என்று கூப்பிட்டது ஞாபகம் இருக்கிறது. எதற்காகக் கூப்பிட்டேன் என்று தெரியாது. நல்ல கையால் சட்டியைத் தூக்கி அவன் கால் மேல் வீசினேன். அவன் துள்ளிக்கொண்டு பின்னால் போய், கம்பியை என் தலைக்கு ஓங்கினான். அது மேலே இருந்த தட்டு ஸ்டாண்டில் பட்டு, தட்டுகள் எல்லாம் எங்கள் மேல் கொட்டின.

எதிர் வீட்டில் ஒரு மராத்தி அம்மா இருக்கிறார். தெருவில் எல்லோரும் அவரைக் காக்கூ என்றுதான் கூப்பிடுவோம். சித்தி என்று அர்த்தம். அவர் மாடியில் வடாம் எடுத்துக்கொண்டிருந்தவர், உடைந்த கதவு வழியாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். எங்கள் சந்துக்கு என்று ஒரு குழு போனில் உண்டு. தண்ணீர் வராது, குப்பை வண்டி வந்தது என்று போடுவதற்காக வைத்தது. காக்கூ அதில் பேசியே அனுப்பினார்: "அரே, மார்தோய் திலா! பளா சகளே!" அடிக்கிறான், எல்லோரும் ஓடுங்கள் என்று.

ஓடித்தான் வந்தார்கள். கிரிக்கெட் மட்டையோடு வந்தார்கள், தண்ணீர் வாளியோடு வந்தார்கள். அவனைச் சந்துக்கு இழுத்துப்போட்டு அடித்த அடியை நான் வாசலில் உட்கார்ந்து பார்த்தேன். பல் தெறித்தது. கம்பியைப் பிடுங்கி அதனாலேயே முதுகில் போட்டார்கள். நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று பாதிரியார் பிறகு சொன்னார். வரவில்லை, அவ்வளவுதான். போலீஸ் வந்துதான் அவனை அவர்கள் கையிலிருந்து மீட்டுக் கொண்டுபோனது.

இதோடு முடிந்தது என்று நினைத்தோம். ஆஸ்பத்திரியில் அவள் நெற்றியில் தையல் போட்டுக்கொண்டிருக்கும்போதே மகள் போனை என்னிடம் நீட்டினாள். முகம் வெளிறியிருந்தது.

எங்கள் சந்தில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற ஒருவன் எல்லாவற்றையும் படம் பிடித்துப் போட்டுவிட்டான். புருஷன்காரன் அடி வாங்கியது மட்டுமில்லை. கிழிந்த நைட்டியை மார்போடு பிடித்துக்கொண்டு ரத்த முகத்தோடு என் நாத்தனார் வாசலில் நிற்பதும் இருந்தது. கிட்டே போய், முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தான். எங்கள் சந்து, எங்கள் கதவு, கதவில் எழுதிய ஆசீர்வாத வசனம், எல்லாம் தெரிந்தது.

ஞாயிறு ஆராதனைக்குள் அது ஊருக்குப் போய்விட்டது. படத்தின் கீழே ஆட்கள் எழுதியிருந்ததைப் படிக்க வேண்டாம் என்றேன். நாத்தனார் கட்டுப் போட்ட கையால் தள்ளித் தள்ளி ஒவ்வொன்றாகப் படித்தாள். புருஷன் சும்மா அடிப்பானா என்று ஒருவன். எவனோடு ஓடினாளோ என்று ஒருத்தி. அந்த உடம்பைப் பற்றி எழுதியவர்களும் உண்டு. அதை என் கையால் எழுத மாட்டேன். அதில் ஒருவர் எங்கள் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர்.

"அவிய அடிப்பாங்க. கை வலிச்சதும் நிறுத்துவாங்க" என்றாள். "இவங்களுக்குக் கை வலிக்காது போல மைனி."

திங்கட்கிழமை புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்ததும், காக்கூ என்னை அழைத்துக்கொண்டு அந்த ரிப்பேர் கடைக்குப் போனார். என் கையில் மாவுக்கட்டு. கடைக்காரன் எங்களைப் பார்த்ததும் நாற்காலி போட்டான்.

"காக்கூ, வைரல் ஹோ கயா!" என்றான் சந்தோஷமாக, படம் பரவிவிட்டதைச் சொல்லி. "நியாயத்துக்காகத்தான் போட்டேன். ஜனங்க அந்த ஆளைத் திட்டுறாங்க பாருங்க."

"துஜ்யா பஹிணீச்சா அஸ்தா தர்?" என்று கேட்டார் காக்கூ. உன் தங்கச்சியின் படமாக இருந்தால்?

அவன் சிரித்தான். "என் தங்கச்சி எதுக்குத் தெருவுல நிக்கப் போறா?"

காக்கூ விட்ட அறையில் அவன் மூக்குக் கண்ணாடி கடைக்கு வெளியே போய் விழுந்தது. படத்தை அழித்துவிட்டான். ஆனால் அவனிடமிருந்து எடுத்தவர்கள் வேறு எங்கெங்கோ போட்டுவிட்டார்கள். அவர்களை அறைய எங்களுக்குக் கை போதாது.

அன்று வீட்டுக்கு வந்ததும் என் போனைத் தரையில் வைத்து அம்மிக் குழவியைத் தூக்கினேன். ஒற்றைக் கையால் தூக்க முடியவில்லை, தூக்கினேன். காலையில் எழுந்ததும் பூப் படத்தோடு ஆசீர்வாதம் அனுப்பாமல் எனக்குப் பொழுது விடியாது. யார் வீட்டுக்குப் போனாலும் படம் எடுத்துப் போடுவேன். அதெல்லாம் எவ்வளவு பிரியமாகச் செய்தேன் என்பதை நினைத்தபோது ஆத்திரம் இரட்டிப்பானது. மகள் வந்து குழவியைப் பிடித்துக்கொண்டாள்.

"காக்கூ அந்த வாய்ஸ் போடலன்னா அத்தை செத்துப்போயிருப்பாங்க மம்மி. அதுவும் போன்தானே?" என்றாள். அவளுக்குத் தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். அன்றைக்கு நன்றாக வந்தது.

குழவியைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த வாரமே கூட்டம் நடத்துகிற அக்கா வந்தார். நாத்தனாரின் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, "வெள்ளிக்கிழமை லைவ்ல நீ சாட்சி சொல்லணும்மா" என்றார். "ஆண்டவர் உன்னைத் தப்புவிச்சதை மறைக்கக் கூடாது. உன் பேருல போட்ட சேறும் அதோட போயிரும்."

என் கணவருக்கும் அது பிடித்திருந்தது. ஊரில் தலை காட்ட முடியவில்லை என்று மாமியார் தினமும் போனில் அழுதுகொண்டிருந்தார்கள். "நம்ம பக்கத்து நியாயத்தைச் சொல்ல வேண்டாமா?" என்றார்.

"நியாயம் தெரிஞ்சு என்ன செய்யப் போறாங்க அண்ணே?" என்றாள் நாத்தனார். "என்னை இன்னொரு தடவை பாப்பாங்க. அதுதானே?"

அவள் அக்கா பக்கம் திரும்பினாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கேன் அக்கா, கோவப்படாதீங்க. என் தெருவும், நான் போலீஸுக்குப் போற கிழமையும் சொல்லலன்னா ஆண்டவருக்கு என்னைத் தெரியாதா?"

அக்காவுக்குக் கோபம் வரும் என்று பயந்தேன். அழுதுவிட்டார்.

"நான் அப்படித்தாம்மா ஜெபிச்சுப் பழகிருக்கேன். பேரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, கையைப் பிடிச்சுக் காட்டுற மாதிரி. வேற மாதிரி எனக்குத் தெரியாது."

எனக்கும் வேறு மாதிரி தெரியாது. அன்றைக்கு இருந்த எங்களில் யாருக்கும் தெரியாது. ஒரே ஜெபத்தை ஆண்டவரும் கேட்டார், அவனும் கேட்டான். ஆண்டவர் காக்கூவை மாடிக்கு அனுப்பினார் என்று நான் விசுவாசிக்கிறேன். ஆனால் அவனுக்கு வழி காட்டியது எங்கள் வாய். அதை ஆண்டவர் மேல் போட எனக்கு மனசு வரவில்லை.

நாத்தனார் சாட்சி சொல்லவில்லை. அவன் ஜாமீனில் வெளியே வரப் போகிறான் என்று தெரிந்ததும், ஒரு விடிகாலையில் அவளை விடுதி வேலைக்கு அனுப்பிவிட்டோம். எந்த ஊர் என்று மகளுக்கு மட்டும் தெரியும். என் கணவர் கேட்டும் மகள் சொல்லவில்லை. நான் எனக்குச் சொல்ல வேண்டாம் என்றேன். தெரிந்தால் ஒரு நாள் முழங்காலில் நின்று சொல்லிவிடுவேன்.

கூட்டத்தில் போனை எவ்வளவு வைத்துக்கொள்வது என்று ஒரு மாதம் பேசினோம், சண்டையும் போட்டோம். முழுவதும் நிறுத்த வேண்டும் என்றேன் நான். படுக்கையில் கிடக்கிற மாமியார், "அந்தப் பாட்டையும் எடுத்துட்டா எனக்கு என்ன இருக்கு மருமவளே?" என்று கேட்டதும் நான் பிடிவாதத்தை விட்டேன். கடைசியில் இப்படி வந்து நின்றது. பாட்டும் செய்தியும் மட்டும் காட்டுவோம். கூட்டம் காட்டுகிற பக்கத்தைப் பூட்டியாகிவிட்டது, போனில் பேசி, குரல் கேட்டு, இன்னார்தான் என்று தெரிந்தால்தான் உள்ளே விடுவோம். குறிப்பு ஆரம்பிக்கும் முன் போனை அணைத்து, காக்கூ வீட்டில் கொடுத்துவிட்டு வருவோம். வீட்டுக்குள் யார் முகத்தையும் யாரும் படம் எடுக்கக் கூடாது. அக்கா இப்போது, "உம்முடைய மகள் ஒருத்தி" என்று ஜெபிக்கப் பழகிக்கொண்டிருக்கிறார். ஊரின் பெயர் வரும் இடத்தில் நாக்கு தடுக்கி, இருமுகிறார். சிலர் கோபித்துக்கொண்டு வருவதை நிறுத்திவிட்டார்கள். சபையில் என்னைச் சந்தேகக்காரி என்று சொல்லுகிறார்களாம்.

கொஞ்ச நாள் கழித்து, எங்கள் பக்கத்துக்குள் வர அனுமதி கேட்டு ஒரு விண்ணப்பம் வந்தது. படம் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'இரட்சிக்கப்பட்டவள்' என்று இருந்தது. விடுதியில் யார் போனையாவது வாங்கி அவள்தான் கேட்டிருக்கிறாள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. தூர ஊரில் தனியாகக் கிடக்கிறவளுக்கு எங்கள் பாட்டைக் கேட்க வேண்டும் போல இருக்காதா? விரலை வைத்தால் போதும். அழைத்துக் கேட்க அவளிடம் போன் கிடையாது. விடுதிப் போனிலிருந்து அவளாகக் கூப்பிட்டால்தான் உண்டு. நான் விரலை எடுத்துவிட்டேன். அவளை வெளியில் நிறுத்திவிட்டு நாங்கள் உள்ளே உட்கார்ந்து பாடினது போல இருந்தது அந்த வெள்ளிக்கிழமை.

அடுத்த வாரம் மகளின் போனுக்கு அவள் கூப்பிட்டாள். நான் பிடுங்கி வாங்கினேன்.

"ஏட்டி, கோவிச்சுக்காதே. நீ உள்ளே வரக் கேட்டிருந்தியே, குரல் கேட்டுத்தான் விடணும்னு இருக்கிறதால நான் விடல..."

"நான் எங்க மைனி கேட்டேன்?" என்றாள்.

"இரட்சிக்கப்பட்டவள்னு…"

"நான் எந்தப் போன்லயும் இல்ல. நான் கேக்கவே இல்ல."

என் கணவர் என் முகத்தைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டார். அவன் ஜாமீனில் வெளியே வந்துவிட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"திறந்துட்டீங்களா மைனி?" என்று கேட்டாள். கதவு உடைந்த அன்றைக்குக்கூட அவள் குரல் அப்படி நடுங்கவில்லை.

"இல்லட்டி. ஆண்டவர் அறிய, இல்ல."

அவள் மூச்சை விட்டது இங்கே கேட்டது. அவளுக்குப் பின்னால் பெண்பிள்ளைகள் தட்டோடு வந்து நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பசிக்குதாம், போய்ப் பரிமாறணும் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.